பின்சீட்டுக்கு ஓர் அரிசி மூட்டை

கடைக்கு வருகிறவர் ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளுக்கும், இரண்டு பேர் நெடுந்தூரம் போகிற ஒரு டூரிங் மோட்டாருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "எது நல்லது?" என்று கேட்டால், உடனே எஞ்சினைப் பற்றி ஆரம்பித்துவிடாதீர்கள். எஞ்சினைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பின்னாடி யாரு உக்காரப் போறாங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை மூடியே இருக்க வேண்டும். உங்கள் வயதில் அதுதான் பெரிய கஷ்டம், எனக்குத் தெரியும்.

புதிதாக விற்பனைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பிரசங்கம் வராது. நான் கூலாயில் ஒரு மோட்டார் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தவள். விற்பனைக்கு இருந்தவன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எங்கள் சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், "நீயே பேசு லா, வாய் இருக்கில்ல" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். பொம்பளை மோட்டார் விற்கிறாளா என்று முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு தங்கள் மகன்களைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். முடி கறுப்பாக இருந்தபோது போனவள், நரைத்த பிறகுதான் விலகினேன்.

எங்கள் கடையின் பின்னறையில், டயர்களுக்குப் பக்கத்தில், எப்போதும் ஓர் அரிசி மூட்டை இருக்கும். புதிதாக வருகிறவர்கள், "மத்தியானம் இங்கேயே சமையலாக்கா?" என்று கேட்பார்கள். அது வந்த கதையை முதலில் சொல்கிறேன்.

நம் ஆட்கள் புது மோட்டார் எடுத்தால் சும்மா ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். கடை வாசலிலேயே சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் சாலையில் இறங்குவார்கள். தவுக்கேயே இதற்காக மேசை டிராயரில் சூடம் வாங்கி வைத்திருப்பார். அப்படி ஒரு நாள் ஒரு பெரியவர் டூரிங் மோட்டார் எடுத்தார். ஆள் குள்ளம், மோட்டார் பெரிசு. அவர் மனைவி பட்டுப்புடவையில் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சொந்தபந்தம். பழம் நசுங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். மனிதர் அப்படியே போயிருக்கலாம். போட்டோவுக்காக நின்றார். நின்ற இடம் கால்வாய் ஓரத்துச் சரிவு. ஊன்றிய கால் தரைக்கு எட்டவில்லை. சேற்றில் எருமை படுப்பதுபோல அந்த மோட்டார் மெதுவாகச் சாய்ந்தது. எங்களால் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

அடி ஒன்றும் படவில்லை. புடவைதான் நாசம். அந்த அம்மா எழுந்து, உதறிவிட்டு, தன் அண்ணன் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த மோட்டாரில் அந்தம்மா பிறகு ஏறவே இல்லை என்று கேள்வி.

ஓடும்போது எல்லா மோட்டாரும் லேசுதான். நிற்கும்போதுதான் கனம் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து மளிகைக் கடையில் அரிசி மூட்டை வாங்கிவந்தேன். "ரெண்டு பேரு போகப் போறோம்" என்று யார் சொன்னாலும், மூட்டையைப் பின்சீட்டில் வைத்துக் கட்டி, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, "புடிச்சி நில்லுங்க, பார்ப்போம்" என்பேன். நிற்க முடிந்தால் மேற்கொண்டு பேச்சு. இன்னொரு சட்டமும் அன்றைக்குத்தான் போட்டுக்கொண்டேன். பின்னால் உட்காரப்போகிறவரைக் கண்ணால் பார்க்காமல் டூரிங் மோட்டார் விற்பதில்லை. தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

இந்தச் சட்டத்தால் எனக்கு நேர்ந்த ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் நானும், பின்னால் பட்டறையில் ஒரு மலாய் மெக்கானிக்கும் மட்டும்தான் இருப்போம். மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், பிறகு அம்மாவும் போய்விட்டார். செடெனாக்கில் என் வீட்டுக்குப் பின்னாலிருந்து செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து கூச்சல் போடுவார்கள். என் வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். அதற்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமை வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்காக உழைக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சந்திரன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர். பெரிய மோட்டார் ஓட்டுவதற்கான லைசென்ஸை அப்போதுதான் எடுத்திருந்தார். கடை நடுவில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் மோட்டார் ஒன்றும், சாம்பல் நிற டூரிங் மோட்டார் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"பின்னாடி யாரு உக்காரப் போறாங்க?"

"என் வைஃபுதான்க்கா. அவளுக்காகத்தான் வாங்குறதே."

மனைவி பெயர் பரமேஸ்வரி, பரமேஸ் என்று கூப்பிடுவாராம். சிங்கப்பூரில் ஒரு பெரிய சமையல்கூடத்தில் வேலை. "விடியறதுக்கு முன்னயே கெளம்பிடுவா. அவ திரும்பி வர்றப்ப நான் ஷிஃப்டுக்குப் போயிருப்பேன். நான் வீட்டுல இருக்கிற நேரத்துல அவ சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசல்ல நிப்பா. ஒரே வீடுதான்க்கா, ஆனா வாட்சப்புலதான் பேசிக்கிறோம். புள்ளைங்களும் வேலைக்கு கே.எல். போயிடுச்சிங்க. ஒரு நல்ல மோட்டார் இருந்தா, அவளுக்கு ஆஃப் இருக்கிற ஞாயித்துக்கிழமையில மெர்சிங் பக்கம் கூட்டிட்டுப் போலாம். கடலப் பாத்துக்கிட்டே போலாம்."

மூட்டையைக் கட்டினேன். கால் முட்டி நடுங்கியது, ஆனாலும் சாய்க்காமல் நின்றார். டூரிங் மோட்டாரில் இருக்கும்போது பின்சீட்டைப் பற்றியே கேட்டார். சாய்ந்துகொள்ள வசதியா, வெயிலில் சீட் சுடுமா, இடுப்பு வலிக்குமா என்றெல்லாம். இறங்கியதும் சிவப்பு மோட்டாரில் தானே ஏறினார். அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. குனிந்து இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். முகத்தில் பத்து வயது குறைந்தது.

பிள்ளைகளே, இதைக் கவனிக்கப் பழகுங்கள். ஒரு மோட்டாரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார் என்றால், அதை வாங்கத் தன்னையே சம்மதிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். கேள்வியே கேட்காமல் தடவிப் பார்க்கிறாரே, ஆசை அங்கேதான் இருக்கிறது.

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அப்பத்தான் முடிவு," என்று சொல்லி அனுப்பினேன்.

அவருக்கு ஆஃப் விழுந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தனியாகத்தான் வந்தார். "தூங்குறாக்கா. எழுப்ப மனசு வரல." அதற்கடுத்ததும் அப்படியே. வருவார், இரண்டு மோட்டாரிலும் மாறி மாறி உட்காருவார், பிறகு என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். தேத்தண்ணி போடுவேன். தோட்டத்தில் வளர்ந்தது, முதல் சம்பளத்தில் கப்சாய் வாங்கியது என்று பேசுவார். கப்சாய் உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் பால்காரரிலிருந்து பள்ளி ஆசிரியர்வரை எல்லாரும் ஓட்டுகிற அந்தச் சின்ன மோட்டார்தான். நான் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். மழை வந்தால் இருவரும் எழுந்துபோய் வாசலில் நிற்கிற மோட்டார்களை உள்ளே தள்ளுவோம்.

எனக்கு அவர் வருவது பிடித்திருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் வயது என்ன, அவர் வயது என்ன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வாரும்போது, இன்றைக்கு வருவாரா என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, நாம் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, வீடு நிறைய ஆள் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது.

மாதங்கள் ஓடின. குளுவாங்கிலிருந்து ஒரு குத்தகைக்காரர் போன் செய்து, அந்தச் சாம்பல் மோட்டார்தான் வேண்டும், உடனே வேண்டும் என்றார். எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. தவுக்கே என் மேசைக்கு வந்தார்.

"ஒன் ஃபிரெண்டு வாங்க மாட்டான் லா. அவன் தேத்தண்ணி குடிக்கத்தான் வர்றான்."

"வாங்குவாரு. எனக்கு வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

"சம்சாரத்தப் பார்க்காம விக்க மாட்டேம்ப. அந்தம்மா வரமாட்டாங்க. குளுவாங்காரன் வேற கடைக்குப் போயிடுவான். அப்புறம் நீ அரிசி மூட்டைய வச்சிக்கிட்டு கஞ்சி காய்ச்சு."

சந்திரனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர், "நீங்களே சொல்லுங்கக்கா. எத எடுக்கச் சொல்றீங்களோ அத எடுக்கிறேன். ஞாயித்துக்கிழமை ரெடியா வர்றேன்" என்றார். எந்த விற்பனையாளருக்கும் இனிக்கிற வார்த்தை அது. ஆனால் பின்சீட்டுக்காரரைப் பார்க்காமல் நான் எதைச் சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்ட நேரத்தில், மட்கார்டெல்லாம் சேறு அப்பிய ஒரு பழைய கப்சாய் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. மழைக்கோட்டு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"நீங்கதான் அந்த அக்காவா?"

"எந்த அக்கா?"

"சந்திரனோட வைஃப் நான். ஞாயித்துக்கிழம ஆனா அக்கா கடை, அக்கா கடைன்னு கெளம்பிடுறாரு. இன்னிக்கு அரை நாளு வேலை, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உச்சி முதல் பாதம் வரை என்னை ஒரு முறை பார்த்தார். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, வீங்கிய கால். அவர் தோள் தளர்ந்தது. பிறகு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தத் தோள் தளர்ந்த விதம் எங்கோ கொஞ்சம் குத்தியது. பொய் சொல்வானேன், குத்தியது.

எப்படியும் பின்சீட்டுக்காரர் வந்துவிட்டார். விடுவேனா? "இதாம்மா அவரு பாத்து வச்சிருக்கிற மோட்டார். ஏறி உக்காந்து பாருங்க" என்று சாம்பல் மோட்டாரின் பின்சீட்டைத் தட்டிக் காட்டினேன். முந்தின நாள் இன்னொருவருக்குக் கட்டிய அரிசி மூட்டை அதில் அப்படியே இருந்தது. அவிழ்க்கலாம் என்று நான் குனிவதற்குள், பரமேஸ் காலைத் தூக்கிப் போட்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மூட்டையோடு அந்த மோட்டாரை நிமிர்த்தினார். அது அசையவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார்.

"அலமாக்! எப்படிம்மா?"

"பாலத்துல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல தெனம் மோட்டாரப் புடிச்சிக்கிட்டு நின்னா வந்துடும்க்கா."

அத்தனை மாதமும் நான் அந்தப் பெண் பஸ்ஸில் போய்வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் புருஷன் சொல்லவில்லை, அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. நானும் கேட்கவில்லை. பின்னால் யார் என்று கேட்கத் தெரிந்தவளுக்கு, முன்னால் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பரமேஸ் இறங்கி, சந்திரன் உட்காருகிற அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அவருகிட்ட சொல்லக்கூடாது. வாரம் பூரா மோட்டார்லதான் போறேன். மழையில நனஞ்சி, பொகையக் குடிச்சி. எனக்குக் கெடைக்கிறது ஒரு நாளு. அன்னிக்கும் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு மெர்சிங் வரைக்கும் போகணுமாம். நெனச்சாலே இடுப்பு கழண்டு போவுது."

"வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? இத்தன வருஷத்துல எனக்குன்னு ஆசப்பட்டு அவரு வாங்கப்போற மொத சாமான் இது. மொகத்தப் பாத்தா சொல்ல வாய் வரல."

"அப்ப ஒனக்கு என்னதான்ம்மா வேணும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "தூங்கணும். எந்திரிக்கிறப்ப அவரு வீட்டுல இருக்கணும். பேசக்கூட வேணாம்க்கா. அடுப்படியில எதையாச்சும் உருட்டிக்கிட்டு இருந்தா போதும். எந்திரிச்சிப் பாத்தா வீடு காலியாக் கெடக்கு. போன் பண்ணா அக்கா கடையில இருக்கேங்கிறாரு."

எழுந்திருக்கும்போது வீடு காலியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளோடு இருக்க வேண்டும் என்பதற்காக மோட்டார் பார்க்கிறேன் என்று, அவளோடு இருக்கக் கிடைத்த நாளையெல்லாம் அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து கழித்திருக்கிறார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். "நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சந்திரன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். தவுக்கேயும் வந்து, கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் மோட்டாரைச் சந்திரனிடம் தள்ளிவிடுவது அன்றைக்கு ஒரு வார்த்தை வேலை. வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குப் போகும். இரவெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப பரமேஸ் என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"தூங்குறா. அவளுக்கு ஆஃப் ஆச்சே."

"நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"என்னக்கா கேள்வி இது? மோட்டார் எடுக்க வரச் சொன்னீங்களே."

"இன்னிக்கு சரி. இத்தன நாளா?"

அவர் நாற்காலியில் அசைந்தார். "அவ தூங்குறப்ப வீட்டுல நான் என்ன பண்றது? டிவி போட்டா சத்தம். பாத்திரம் வெளக்குனா சத்தம். எழுந்துடப் போறாளேன்னு வெளிய வந்துடுறேன்."

"ஒங்க ஆஃப் எல்லாம் ஞாயித்துக்கிழமையிலயா விழுது?"

"எங்கக்கா. முக்காவாசி வாரத்து நாள்லதான். செவ்வாக்கெழம, பொதன்கெழமன்னு."

"அன்னிக்கு வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்." தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "அந்த நாளுதான்க்கா போகவே போகாது."

அந்த ஒரு வரியில் எனக்கு வழி கிடைத்தது. "செவப்ப எடுங்க," என்றேன்.

"அதுல அவ உக்கார முடியாதே!"

"உக்கார வேணாம். அது அவங்களுக்கு இல்ல. ஒங்க செவ்வாக்கெழமைக்கு, ஒங்க பொதன்கெழமைக்கு. அந்த நாளெல்லாம் எடுத்துட்டு மெர்சிங் போங்க, கடலப் பாருங்க, வெயில் சாயறதுக்குள்ள வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் அதத் தொடக்கூடாது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதரிடம் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "நான் அவளுக்காக வாங்க வந்தேன். எனக்கு வெளையாட்டு சாமான் வாங்க வரல. இத்தன மாசம் அவளுக்கு அவளுக்குன்னு சொல்லிட்டு, எனக்கு ஒரு செவப்பு மோட்டார ஓட்டிட்டுப் போய் வாசல்ல நிறுத்தினா, அவ என்ன நெனைப்பா?"

"அவங்களுக்காகத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கு நான் என்னத்தக்கா குடுக்குறது?"

"வீட்டுல இருங்க. தாராளமா சத்தம் போடுங்க. அடுப்படியில எதையாச்சும் உருட்டுங்க. அவங்க எந்திரிக்கிறப்ப நீங்க அங்க இருக்கணும், அவ்வளவுதான்."

நிமிர்ந்து என்னையே பார்த்தார். "அவ இங்க வந்தாளா?"

"கடைக்கு ஆயிரம் பேரு வருவாங்க. ஒருத்தர் சமாச்சாரத்த இன்னொருத்தர்கிட்ட நான் பேசுறதில்ல. ஒங்களப் பத்தியும் யாருகிட்டயும் பேச மாட்டேன்."

அவர் எழுந்துபோய்ச் சிவப்பு மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றார். தவுக்கேகூடத் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். கோப்பையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "சரிக்கா" என்றார்.

சிவப்பு மோட்டாரை அவர் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பரமேஸுக்கு வேலை, வர முடியவில்லை. எலுமிச்சம்பழத்தை நான்தான் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன், சூடமும் நானே காட்டினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர், "ஞாயித்துக்கிழம வந்து எப்படி ஓடுதுன்னு சொல்றேன்க்கா" என்றார்.

"வராதீங்க."

"என்னக்கா?"

"ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் வந்தீங்க, கதவ இழுத்துச் சாத்திடுவேன். சொல்லிட்டேன்."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பழத்தை நசுக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். வாசல் ஈரத்தில் பழச்சாறு மணந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

சாம்பல் மோட்டாரைக் குளுவாங்காரர் எடுத்துக்கொண்டார். மனைவியையும் கூட்டிவந்திருந்தார், அந்தம்மா சந்தோஷமாகப் பின்னால் ஏறிப் போனார். இரண்டும் விற்றதில் தவுக்கேக்கு வாயெல்லாம் பல். "நீ பெரிய ஆளு லா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்திரன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவள் நான்தான். சொல்லிவிட்டு, வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தவளும் நான்தான். மழை வந்தால் மோட்டார்களைத் தனியாக உள்ளே தள்ளினேன். மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன், உட்கார்ந்தால் எதிரில் நாற்காலி தெரியும்.

உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் நான் வந்ததில் பிரயோஜனம் இல்லை. முடிவெடுக்காத கஸ்டமர் நல்ல துணை. வருவார், பேசுவார், நம்மைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். கடையில் தனியாக நிற்கிற நமக்கு அது சுகமாக இருக்கும். ஆனால் அவர் நம்மிடம் உட்கார்ந்திருக்கிற நேரம் வேறு யாருக்கோ உரியது. சீக்கிரம் ஒரு முடிவைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அனுப்பிவிட்டு வலித்தால் வலிக்கட்டும்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கடையில் ஈ காக்கை இல்லை. கண்ணாடிக்கு வெளியே, பாசார் பக்கத்திலிருந்து அந்தப் பழைய கப்சாய் வந்தது. மட்கார்டில் அதே சேறு. பரமேஸ் ஓட்டிக்கொண்டு வந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

பின்சீட்டில் சந்திரன். ஒரு கையில் காய்கறிப் பை, பையிலிருந்து கங்கோங் கீரை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அரிசிப் பையை இடுக்கி, அதை இன்னொரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். காது ஓரம் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். பரமேஸ் சிரித்த சிரிப்பில் மோட்டார் கொஞ்சம் ஆடியது.

நான் எழுந்து கண்ணாடிப் பக்கம் போய்க் கையைத் தூக்கினேன். சாலைமுனை விளக்கு பச்சையாக இருந்தது. அவர்கள் நிற்கவில்லை. சந்திரன் கடைப் பக்கம் திரும்பவே இல்லை, பேச்சு மும்முரத்தில் இருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது?

தூக்கிய கையை இறக்குவதற்குள், பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் பார்த்துவிட்டான். யாருக்குக் கை காட்டுகிறீர்கள் என்று மலாயில் கேட்டான்.

"கஸ்டமர்," என்றேன்.

அவன் எட்டிப் பார்த்தான். தூரத்தில் கப்சாயின் முதுகுதான் தெரிந்தது. "அது நம்ம கடையில எடுத்த மோட்டார் இல்லையே?"

"இல்லதான்," என்றேன். "நீ போய் ஒன் வேலையப் பாரு."